சிறையிருப்பு என்றால்

பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. சுவரில் சாயாதீர்கள் என்று ஜெனிற்றா வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பெற்ற தாய் என்று பார்க்காமல் என்னிடமும் சொல்லிவிட்டாள், நான் ஏன் இந்தச் சுவரில் சாயப்போகிறேன். அகதி முகாம் மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளைச் சுமந்து வந்து இந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள், கைப்பிடி வைத்த ஒன்று பாஸ்டருக்கு, கால் வளைந்த ஒன்று எனக்கு. அசைந்தால் கிறீச்சிடுகிறது. அசையாமல் இருக்கிறேன். செபரத்தினம், அதாவது என் மனுசன், வாசலில் நின்று வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்கிறார், புதுச்சட்டையின் மடிப்புக் கோடு முதுகில் அப்படியே இருக்கிறது, யாருடைய கலியாணத்துக்கோ வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, பின்னால் கக்கூசு. இதற்கு இன்றைக்குப் பிரதிஷ்டை, அதாவது பாஸ்டர் வந்து வசனம் வாசித்து ஜெபித்து, பிறகு எல்லோரும் ரோல்ஸ் தின்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது. ரோல்ஸை ஜெனிற்றா விடியவே எழும்பிச் சுற்றினாள். எங்கள் பழைய தகரக் கொட்டிலை இடிக்கப்போகிறார்கள், அந்த வரிசை முழுவதையும் இடிக்கப்போகிறார்கள், அதனால் வந்திருக்கிறேன், இல்லாவிட்டால் இதற்குள் கால் வைத்திருக்கமாட்டேன். கொட்டிலில் இருந்த அத்தனை காலமும் நான் ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தேன். ஆணி அடித்தால் வீடு என்றாகிவிடும். இங்கே வீடு என்றாகிவிட்டால் அங்கே இலங்கையில் இருக்கிற வீடு என்னவாகும், என் மகன் விடுதலையாகி வந்து படலையைத் திறந்து அம்மா என்று கூப்பிட்டால் யார் ஏன் என்று கேட்பது.

பாஸ்டர் வேதத்தைத் திறந்துவிட்டார். சின்னப்பிள்ளை. சாம் பெனியேல் என்று பெயர், தமிழ்நாட்டு நாசரேத்துப் பக்கம் ஊர், இந்தச் சபைக்கு வந்து இன்னும் ஒரு கிறிஸ்துமஸ்கூட ஆகவில்லை. முகாம் சனங்களை அம்மா அப்பா என்றுதான் கூப்பிடுவார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், காலுறையில் பெருவிரல் கொஞ்சம் தெரிகிறது, அதைப் பார்த்ததும் எனக்கு அவரில் கோபம் வைக்க முடியாமல் போய்விட்டது. “எரேமியா, இருபத்தொன்பதாம் அதிகாரம்” என்கிறார். அதுதான். அது வரும் என்று எனக்குத் தெரியும். அகதிகளுக்குப் பிரசங்கம் என்றால் இவர்களுக்கு வேறு அதிகாரம் கிடையாது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்புகிறார், அவசரப்பட்டுத் திரும்பி வரலாம் என்று கனவு காணாதீர்கள், சீக்கிரம் போகலாம் என்று சொல்கிற தீர்க்கதரிசிகள் பொய்யர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுங்கள். அந்த இடத்தில் பாஸ்டர் ஜெனிற்றாவைப் பார்த்துச் சிரிக்கிறார், அவளுக்கு இந்த ஊர்ப் பெடியன் ஒருவனைப் பேசி வைத்திருக்கிறது, அவளும் தலையைக் குனிந்து ரோல்ஸ் தட்டை இன்னொருதரம் மூடுகிறாள். என் மனுசன் தலையாட்டுகிறார். ஏற்கனவே பின்வளவில் ஒரு வாழைக்குட்டி வைத்துவிட்டார், என்னிடம் கேட்கவில்லை. பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடச் சொல்லியிருக்கிறதாம். சமாதானம். எங்களுக்கு அது ஒரு காலத்தின் பெயர், பாதை திறந்து, சண்டை நின்று, நல்ல மாவும் பெற்றோலும் வந்த காலம். மகன் சுகிர்தன் சமாதான காலத்தில்தான் பெரிய சைக்கிள் ஓடப் பழகினான். பாருக்கு மேலால் கால் போட எட்டாது, பாருக்குக் கீழால் காலை விட்டு ஒரு பக்கமாகச் சரிந்து ஓடுவான், விழுந்தால் எழும்பும்போதே இல்லை நோகேல்லை என்று சொல்லிக்கொண்டு எழும்புவான். யாரும் கேட்கவில்லை, தானாகச் சொல்லுவான்.

இந்த அதிகாரத்தில் எனக்கு என்று ஒரு வசனம் இருக்கிறது. அது வரும்வரை நான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுவேன், வீட்டையும் தோட்டத்தையும் மாப்பிள்ளையையும். யுத்தம் முடிந்து எங்களைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்தபோது, அந்த வருசம் முடிகிற ஆராதனையைக் கூடாரத்துக்குள் நடத்தினார்கள். புதுவருசம் பிறந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போமல்லவா, அந்த வருசமும் எங்கிருந்தோ அட்டைகளை எழுதிக்கொண்டுவந்து ஒரு சாப்பாட்டுத் தட்டில் கவிழ்த்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும், அது அந்த ஆளுக்கு ஆண்டவர் தருகிற வார்த்தை. எனக்கு முன்னால் போனவளுக்குக் கோதுமையும் எண்ணெயும் வந்தது, இவருக்கு ஏதோ கழுகுபோல் பறப்பது வந்தது. எனக்குச் சிறையிருப்பைத் திருப்புவேன் என்று வந்தது. நான் அதிலேயே இருந்து அழுதுவிட்டேன். சிறை. பிள்ளை சிறையில் இருக்கிறான். இருக்கிறான். எந்த ஒப்பீசிலும் எந்த மனிதனும் சொல்லாததை ஆண்டவர் ஒரு அட்டையில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பழைய ஏற்பாடு முழுவதும் அந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடினேன், எத்தனை தீர்க்கதரிசிகள், எத்தனை தரம், ஆண்டவருக்கு மறியலில் இருக்கிற பிள்ளைகளின் நினைப்பு இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். மறியல் என்றால் எங்கள் ஊரில் ஜெயில். இந்தியாவுக்கு வந்து இறங்கிய புதிதில் விசாரித்த அதிகாரி மகன் எங்கே என்று கேட்டார், மறியலில இருக்கிறான் என்று சொன்னேன், “என்னம்மா, சாலை மறியலா, ரயில் மறியலா?” என்று கேட்டார் அந்த மனுசன், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரும் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு நாள் கழித்து முதல் சிரிப்பு. பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் மறியல் என்றால் கொடி பிடித்துக்கொண்டு ரோட்டில் குந்தியிருப்பது. அவனும் எங்கேயோ குந்திக்கொண்டுதான் இருப்பான். முழங்காலைக் கட்டிக்கொண்டு. அவனுக்கு அப்படித்தான் இருக்கப் பிடிக்கும்.

காலில் புண் இருந்தது. வலது குதிக்காலுக்கு மேலே, ஈரச் சப்பாத்து உரஞ்சி உரஞ்சி வந்த புண், பதுங்குகுழிக்குள் தண்ணீர் நின்றதால் ஆறவேயில்லை. என் பாவாடைக் கரையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். ஒலிபெருக்கியில் இராணுவம் கூப்பிட்டது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று. அவனை இயக்கம் இழுத்துக்கொண்டுபோய்ப் பங்கர் வெட்டத்தான் வைத்திருந்தது, துவக்கைத் தொட்டிருப்பானோ தெரியாது, ஆனால் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, நான் போறன் அம்மா, பின்னேரம் வந்திடுவன் என்றான். நொண்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். சன்னல் கரை கிடைத்தது அவனுக்கு. கட்டு அவிழ்ந்து ஒரு துண்டு பின்னால் இழுபட்டது, நான் சொன்னேன், தம்பி, கட்டு இழுபடுது என்று, அவனுக்குக் கேட்டிருக்காது. அந்தக் கட்டை யார் மாற்றியிருப்பார்கள். மாற்றாமல் விட்டால் துணி புண்ணோடு ஒட்டிவிடும், பிய்த்து எடுத்தால் உயிர் போகும், சுடுதண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும், மறியலில் சுடுதண்ணீர் யார் கொடுப்பார்கள். எத்தனையோ வருசமாக நான் இந்தச் சுடுதண்ணீரில்தான் நிற்கிறேன். அவனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும், இவர் வழியில் எல்லோருக்கும் வெள்ளென, சின்ன வயசிலேயே நரைக்கும். ஆனால் அந்தக் கால் மட்டும் பதினெட்டு வயசுக் கால், அந்தப் புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. புண் ஆறியிருக்கும் என்று நினைக்க எனக்கு வராது. ஏனென்று கேட்டால் தெரியாது. ஆறினால் அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமிராது, அதனால்தானோ என்னவோ. பிறகு நாங்கள் ஊரில் குடியேறி இருந்தபோது ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஜெனிற்றாவை விசாரிக்க, பதின்மூன்று வயசுப் பிள்ளையிடம் விசாரிக்க என்ன இருக்கிறது, இவர் கடல் கடக்க வள்ளத்துக்கு ஒழுங்கு செய்தார். பக்கத்துவீட்டு மனுசியிடம் பூட்டுத் திறப்பைக் கொடுத்தேன், அவன் வந்தால் சொல்லு, சாப்பாடு குடு என்று. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள் நான்.

“இப்ப நல்லா கவனிங்க” என்கிறார் பாஸ்டர். எனது வசனத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டார். படித்த பிள்ளை, பெங்களூரில் இறையியல் படித்ததாக என் மனுசன் பெருமையாகச் சொல்லுவார். “இந்த அதிகாரம் பூரா ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருது. சிறையிருப்பு. நாம என்ன நெனச்சிக்கிறோம்? யாரோ ஜெயில்ல இருக்காங்கன்னு. இல்லம்மா. மூல பாஷையில அப்படி இல்ல. எபிரெயத்துல கோலான்னு ஒரு வார்த்தை.” பின்னால் இருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரிக்கிறார்கள், கோலா என்றால் அவர்களுக்குப் போத்தல் சோடா, பாஸ்டரும் சிரித்துவிட்டு, “குடிக்கிற கோலா இல்லப்பா” என்கிறார். “கோலான்னா சொந்த நாட்ட விட்டுக் கொண்டு போகப்பட்ட ஜனங்க. நாடு விட்டு நாடு வந்தவங்க. அவங்க பாபிலோன்ல ஜெயில்ல இல்ல, வீட்ல இருந்தாங்க, தோட்டம் போட்டாங்க. அந்தக் காலத்துல மொழிபெயர்த்தவங்க சிறையிருப்புன்னு போட்டுட்டாங்க. ஜெயிலுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. அப்ப அந்தச் சிறையிருப்பு யாரு? நீங்கதான். இந்த வீட்ல ஒக்காந்திருக்கிற நீங்கதான்.” எல்லோரும் ஸ்தோத்திரம் என்கிறார்கள். முன்வரிசையில் ஒரு மனுசி ஆமா ஆமா என்று கண்ணைத் துடைக்கிறாள், அவளுக்கு அது ஆறுதல். ஜெயிலுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. எவ்வளவு இலேசாகச் சொல்கிறார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பிழை என்று சொல்வதுபோலத்தானே சொல்கிறார், பள்ளிக்கூடத்தில் பிழை திருத்துவதுபோல. சம்மந்தமே இல்ல. அப்படியென்றால் அந்த அட்டை. அந்த அட்டையில் வந்தது. அது அவனைப் பற்றி இல்லை. அது என்னைப் பற்றி. நான்தான் அந்தச் சிறையிருப்பு. என்னைத்தான் திருப்புவேன் என்றார். என்னைத் திருப்பி நான் என்ன செய்ய. அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய புத்தகத்தில் அவனைப் பற்றி ஒரு இடத்திலும் ஒன்றும் இல்லை. ஜெயில் இல்ல. ஜெயில் இல்லையென்றால் வேறு எங்கே. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், போன இடம் ஜெயில் இல்லையென்றால்.

இல்லை, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். பெருவிரல் தெரிகிற காலுறை. நான் இவரைப் பார்க்கிறேன், செபரத்தினத்தை, அவர் சொல்லட்டும், சபையில் பாஸ்டர் இல்லாத நாளில் வசனம் வாசித்துப் பிரசங்கம் செய்கிறவர், மூன்றுதரம் வேதத்தை முழுவதும் வாசித்தவர், எழும்பி இல்லை பாஸ்டர், அப்பிடி இல்லை என்று சொல்லட்டும். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புது மாபிள் கல்லில் ஏதோ கறையாம், கால்விரலால் தேய்க்கிறார். அங்கே கறை ஒன்றும் இல்லை. எனக்கு அந்த முதுகு தெரியும். கொட்டிலில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் அந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்கும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும், எழும்பிப்போய்ச் செம்பில் தண்ணீர் குடிப்பார், முதுகைக் காட்டிக்கொண்டு குடித்துவிட்டு நான் முடித்த பிறகு வந்து இருப்பார். உப்புக் கூடிவிட்டதோ என்று நினைத்திருக்கிறேன். கறியில் உப்பைக் குறைத்திருக்கிறேன், அடக் கடவுளே, இந்த மனுசனுக்காக இவ்வளவு காலம் உப்புக் குறைத்துச் சமைத்திருக்கிறேன். தெரிந்திருக்கிறது. சிறையிருப்பு என்றால் ஜெயில் இல்லை என்று தொடக்கத்திலேயே தெரிந்திருக்கிறது, அந்தக் கூடாரத்திலேயே, நான் அட்டையைக் காட்டி அழுதபோது, ஆண்டவர் சொல்லிப்போட்டார் இஞ்சேருங்கோ, பிள்ளை இருக்கிறான் என்று நான் குதித்தபோது, அவர் என் தலையைத் தடவி, ஓம் மலர், ஓம் என்று தலையாட்டினாரே, அப்போதே தெரிந்துதான் ஓம் என்றார். பாவி மனுசன். என்னைச் சாகவிடாமல் வைத்திருந்ததற்கு நான் அவரைக் கும்பிட வேண்டுமா, காறித் துப்ப வேண்டுமா. பிறகு இன்றைக்கு ஏன். இந்த அதிகாரத்தைப் பாஸ்டருக்கு எடுத்துக் கொடுத்தது யார். தன் வாயால் சொல்ல மாட்டாமல் இந்தப் பால்குடியைக் கொண்டு சொல்லுவித்தாரா, இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கவேண்டும் என்பதற்காக. அவருக்கும் வயசு போகிறது. ஒரு வாழையாவது குலை போட்டுப் பார்க்க ஆசை இருக்காதா. எனக்கு அவரில் இரக்கம் வருகிறது, அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. கத்தோலிக்கர் என்றால் பூசை வைப்பார்கள், ஆத்துமாவுக்கு என்று மெழுகுதிரி கொளுத்துவார்கள், சைவச் சனங்கள் திவசம் கொடுப்பார்கள், காகத்துக்கு ஒரு கவளம் வைத்துக் கூப்பிடுவார்கள். எங்கள் சபையில் ஒன்றும் இல்லை. செத்தவர்களுக்காக நாங்கள் ஜெபிப்பதில்லை. அடக்க ஆராதனையில்கூடச் செத்த ஆளுக்காக ஒரு வார்த்தை கேட்கமாட்டோம், இந்த வாழ்க்கைக்காக ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, இருக்கிற சனங்களுக்கு ஆறுதல் தாரும் என்று கேட்போம், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்தான் ஜெபத்தில் வரும். நான் ஒவ்வொரு நாளும் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் இருக்கிற ஆட்களின் வரிசையில் அவனைப் பிடித்து வைத்திருக்கிறேன். கர்த்தருக்குள் நித்திரை என்று ஒரு தரம் ஒப்புக்கொண்டேனோ, அன்றோடு அந்தப் பெயர் வாயைவிட்டுப் போய்விடும், பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது, எதைக் கேட்பது. நித்திரையாம். அவன் வாயைத் திறந்துகொண்டு நித்திரைகொள்ளுகிறவன், இலையான் பறந்து உள்ளே போய்விடும் என்று நான் வாயை மூடிவிடுவேன். எந்த நாளில். இதுதான் எனக்கு வேண்டும், எந்த நாளில் என்று மட்டும் தெரிந்தால் போதும். எந்த நாளிலிருந்து என் ஜெபமெல்லாம் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. குளிருக்குப் போர்வை கொடும் ஆண்டவரே என்று கேட்டேனே, அதைக் கேட்டபோது அவன் குளிருகிற ஆளாக இருந்தானா. அவன் பல்லுக்கொதியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றிய ஒரு நாள் பல்லுக்காகக்கூட ஜெபித்தேன். செத்த பிள்ளையின் பல்லுக்காக ஜெபித்தேனா. அது பாவமென்றால் எழுதிக்கொள்ளட்டும். வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். பெயின்ட் மணம் தலையை இடிக்கிறது. யாரோ மின்விசிறியைக் கூட்டியிருக்கிறார்கள், பாஸ்டரின் வேதப்புத்தகத்தின் தாள்கள் தானாகப் புரள்கின்றன, அவர் விரலை வைத்து அழுத்திப் பிடிக்கிறார்.

“கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிர்றேன்” என்கிறார். கடைசியாக என்று சொன்ன பிறகுதான் இவர்கள் நன்றாகத் தொடங்குவார்கள். “ஜனங்களக் கொண்டு போனது யாரு? பாபிலோன் ராஜாவா? நேபுகாத்நேச்சாரா? பாக்கிறதுக்கு அப்பிடித்தான் இருக்கும். ஆனா கர்த்தர் என்ன சொல்றாரு? நான் போகப்பண்ணினேன்னு சொல்றாரு, மூல பாஷையிலயும் அப்பிடித்தான். ராஜா இல்ல, பட்டாளம் இல்ல. நான். இது தேவ திட்டம் அப்பா, தேவ திட்டம் அம்மா. ஒங்களக் கடலத் தாண்டிக் கொண்டாந்ததுல ஒரு நோக்கம் இருக்கு.” திட்டம் என்றால் எங்கள் சனத்துக்கு வீட்டுத்திட்டம், பின்வரிசையில் ஒரு கிழவன் உண்மையாகவே சுவரைப் பார்த்துத் தலையாட்டுகிறார். எனக்கு வேறு ஒரு சொல் கொக்கிபோல மாட்டிக்கொண்டுவிட்டது. நான். நான் போகப்பண்ணினேன். எத்தனை வாசலில் நின்றிருப்பேன். இராணுவ முகாமில் கேட்டேன், எங்களிடம் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். பொலிசில் கேட்டேன், நாங்கள் கொண்டுபோகவில்லை. வெயிலில் வரிசையில் நின்று படத்தை நீட்டினேன், மேசைக்குப் பின்னால் இருந்த ஐயாமார் ஒருவர் மாறி ஒருவர் அதையே சொன்னார்கள், நாங்கள் இல்லை, எங்களுக்குத் தெரியாது, அவன் உங்களைவிட்டு வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான் அம்மா. கண்ணால் கண்ட பஸ்ஸை அப்படி ஒரு பஸ் வரவேயில்லை என்றார்கள். உலகத்தில் ஒருவரும் அவனைக் கொண்டுபோகவில்லை. அவன் தானாகவே இல்லாமல் போய்விட்டான். இப்போது இந்தப் பிள்ளை சொல்கிறது, ஒரு ஆள் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். எழுத்திலே இருக்கிறதாம், மூல பாஷையிலும் அப்படித்தான் இருக்கிறதாம். இவ்வளவு காலமும் நான் வாசித்த அதே பக்கத்தில், என் சொல்லுக்குச் சற்று மேலே, சிறை சிறை என்று தேடித் தேடி அந்த நானைக் காணாமல் விட்டிருக்கிறேன். நான் இவ்வளவு காலமும் ஆண்டவரிடம் யாரோ கொண்டுபோன பிள்ளையை மீட்டுத்தாரும் என்றுதான் அழுதேன், பொலிசிடம் முறையிடப் போகிறவள் மாதிரி. பிழையான வாசலில் நிற்கவில்லை, சரியான வாசல்தான், கேட்ட கேள்விதான் பிழை.

“அம்மா, வீட்டுக்காரம்மா நீங்க ஒரு வார்த்த ஸ்தோத்திரம் பண்ணி ஜெபம் பண்ணிருங்க, அப்பறம் நான் ஆசீர்வாதம் சொல்லி முடிச்சிர்றேன்” என்கிறார் பாஸ்டர். எல்லோரும் எழும்புகிறார்கள், கதிரைகள் பின்னுக்குப் போய்ப் பெயின்டில் இடிக்கின்றன, ஜெனிற்றா ஐயோ என்று வாய்க்குள் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். பெண்கள் தலைக்கு முக்காடு இழுத்துவிடுகிறார்கள். எங்கள் வழக்கம் இது, ஜெபிக்கிற ஆள் பிதாவே ஆமென் என்று முடிக்கும்வரை மற்றவர் கண் திறப்பதில்லை. நானும் எழும்பிவிட்டேன். ஆண்டவரை நீர் என்று கூப்பிடுவது எனக்கு எப்போதும் சுகமான காரியம், இந்த ஊர்ச் சனத்துக்கு அது வேதப்புத்தகத்துத் தமிழ், எங்களுக்கு வீட்டுத் தமிழ், என் மனுசன் என்னைக் கூப்பிடுகிற சொல். “ஆண்டவரே” என்கிறேன். “வீடு தந்ததுக்கு ஸ்தோத்திரம். பெண்பிள்ளையைக் காப்பாற்றித் தந்ததுக்கு ஸ்தோத்திரம்.” எல்லோரும் ஸ்தோத்திரம் என்கிறார்கள். “சுகிர்தனைக் கேட்டு நான் போகாத இடமில்லை. எல்லாரும் தாங்கள் கொண்டுபோகேல்லை எண்டு சொல்லிப்போட்டினம். நீர் ஒருத்தர்தான் நான் கொண்டுபோனன் எண்டு சொல்லியிருக்கிறீராம். இண்டைக்குத்தான் எனக்கு அது விளங்கினது. அப்ப உம்மிட்டத்தான் கேக்கவேணும்.” ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்த யாரோ பாதியில் விட்டுவிட்டார்கள். “என்ர பிள்ளை எங்க? சிறையில இல்லையாம். மண்ணுக்குள்ள எண்டாலும் எந்த மண் எண்டு சொல்லும். உம்மட திட்டம் நோக்கம் ஒண்டும் எனக்கு விளங்கவேண்டாம். கொண்டுபோன ஆள் எங்க வச்சிருக்கிறன் எண்டு சொல்லத்தானே வேணும். சொல்லும்.” அதோடு நிறுத்திவிட்டேன். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கிற முகங்களைப் பார்க்கிறேன், எல்லா முகமும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது, நான் அதைச் சொன்னால் எல்லோரும் கண் திறந்து ரோல்ஸ் தின்னலாம். பாஸ்டர் சின்னதாகச் செருமிப் பார்க்கிறார். ஒரு குழந்தை அம்மா முடிஞ்சுதா என்று கேட்டு அடி வாங்குகிறது. ஜெனிற்றாவின் கண்ணிமைக்குக் கீழால் தண்ணீர் வழிகிறது, அவளும் திறக்கவில்லை. என் மனுசன் என் பக்கத்தில் வந்து, கண்ணை இறுக்க மூடியபடி தடவித் தடவி என் கையைப் பிடிக்கிறார்.

“மலர்” என்கிறார் காதுக்குள், “ஆமென் சொல்லும்.”

“அவர் இன்னும் மறுமொழி சொல்லேல்லை” என்கிறேன்.